பழைய ஆர்ச்டாப் கிட்டாரை வாங்குமுன்



பெங்களூரில் குடியிருக்கும் சகோதரர் ஒருவர் இப்பக்கத்திற்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார். அவருடைய தெருவில் ஒரு முதிய தம்பதியர் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளிடம் போய்ச் சேருவதற்காக வீட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருக்கிறார்களாம். அவற்றில் ஒரு கிட்டார். மேற்பலகை வயலினைப்போலக் குவிந்திருக்கிறது. நடுவில் வட்டத் துளைக்குப் பதிலாக இருபுறமும் எஃப் எழுத்தின் வடிவில் இரண்டு துளைகள். தலைப்பகுதியில் "கிப்சன்" என்ற பெயர். அறுபது வருடத்துப் பழையது என்கிறார்கள். சகோதரரின் மூன்று மாதச் சம்பளத்தைக் கேட்கிறார்கள். மகன் கண்டிப்பாக வாங்கவேண்டும் என்கிறான், மனைவி வேண்டாம் என்கிறார். "வாங்கலாமா, ஐயா?" என்பது கேள்வி.

கருவியைக் கண்ணால் காணாமல் ஆம் என்றோ இல்லை என்றோ எழுதுவது நேர்மையாகாது. ஆனால் அரைமணி நேரத்தில் நீங்களே பார்த்துத் தீர்மானிக்கக்கூடியவை பல உண்டு. இதற்கு நேரெதிரான நிலையில் இருப்பவர்களும் நம்மிடையே உண்டு. மாமனாரோ, அடுத்த வீட்டு ஆங்கிலோ இந்தியப் பெரியவரோ விட்டுச்சென்ற ஒரு கிட்டார் பரணில் கிடக்கும். அதைப் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போடுமுன் அவர்களும் இதை வாசிப்பது நல்லது.

இவ்வகைக் கிட்டாரை ஆர்ச்டாப் என்று அழைப்பார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்ற ஊரில் வாழ்ந்த ஆர்வில் கிப்சன் (1856–1918) என்ற கைவினைஞர், வயலின் செய்வோரின் முறையைப் பின்பற்றி, கனமான பலகையைச் செதுக்கிக் குவித்து மாண்டலினும் கிட்டாரும் செய்தார். 1898-இல் தம்முடைய மாண்டலின் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1902-இல் அவர் பெயரில் நிறுவனம் தோன்றியது. 1919 முதல் 1924 வரை அங்கே பணியாற்றிய லாயிட் லோர் என்பவரின் காலத்தில், 1922 வாக்கில், எல்-5 என்ற மாதிரி வெளிவந்தது. எஃப் வடிவத் துளைகளை உடைய ஆர்ச்டாப் கிட்டார்களுக்கெல்லாம் அதுவே தாய் எனலாம்.

இதன் நோக்கத்தை நீங்கள் அறிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒலியைத் தவறாக எடைபோடுவீர்கள். மைக்கும் ஆம்ப்ளிஃபயரும் பரவாத அக்காலத்தில், பத்துப் பன்னிரண்டு பித்தளைக் கருவிகள் முழங்கும் நடனக்குழுவின் நடுவே கிட்டாரின் தாளம் கேட்கவேண்டியிருந்தது. அதற்காகவே இது உருவானது. ஆகையால் இதன் ஒலி சட்டென்று எழும்பி, முன்னோக்கிப் பாய்ந்து, சீக்கிரம் அடங்கும். நாம் பழகியிருக்கும் தட்டைப்பலகைக் கிட்டாரைப்போல நீண்டு ரீங்கரிக்காது. "ஒலி வறண்டு இருக்கிறதே, இது கெட்டுப்போன கருவி" என்று எத்தனையோ பேர் நல்ல ஆர்ச்டாப்பை ஒதுக்கியிருக்கிறார்கள்! நடனக்குழுக்களுக்கு மட்டும் உரியது என்றும் எண்ணவேண்டாம். ஆராதனைப் பாடல்களையும் நாட்டுப்புறப் பாடல்களையும் பாடிப் புகழ்பெற்ற கார்ட்டர் குடும்பத்தின் மேபெல் கார்ட்டர் அம்மையார் தம் வாழ்நாளில் பெரும்பகுதியும் வாசித்தது 275 டாலருக்கு வாங்கிய, 1928-ஆம் ஆண்டின் ஓர் எல்-5 கிட்டாரையே.

இந்தியாவின் பெருநகரங்களில் இவை தென்படுவதற்கும் காரணம் உண்டு. 1935-இல் லியோன் ஆபி என்ற அமெரிக்கரின் குழு பம்பாய் தாஜ் மஹால் ஓட்டலுக்கு வாசிக்க வந்தது. அந்தக் காலந்தொட்டு பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஓட்டல் இசைக்குழுக்கள் செழித்தன; கோவா இசைஞர்களும் ஆங்கிலோ இந்தியரும் அவற்றில் வாசித்தார்கள். ஆகவே நல்ல கருவி ஒன்று பழைய வீட்டில் கிடைப்பது நடவாத காரியமல்ல. அடிக்கடி நடக்கும் காரியமும் அல்ல.

இனி பரிசோதனைக்கு வருவோம். கையில் ஒரு சிறிய டார்ச், ஓர் இரும்பு அடிக்கோல், பல் மருத்துவர் வாய்க்குள் பார்க்க உபயோகிக்கும் வட்டக் கண்ணாடி ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மருத்துவ உபகரணக் கடைகளில் சொற்ப விலைக்குக் கிடைக்கும். தலைப்பகுதியில் எழுதியிருக்கும் பெயரைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் பார்க்கவேண்டியது மேற்பலகை.

ஆர்ச்டாப்பின் மேற்பலகை மூன்று விதமாகச் செய்யப்படும். முதலாவது, கனமான ஸ்ப்ரூஸ் பலகையை உள்ளும் புறமும் செதுக்கியது. இதில் நடுப்பகுதி தடித்தும், ஓரத்தை நெருங்க மெலிந்தும் இருக்கும். விளிம்பருகே ஒரு மெல்லிய பள்ளம் ஓடி, பிறகு மீண்டும் சற்று உயரும். இதற்கு மரமும் அதிகம், கைவேலையும் அதிகம். இரண்டாவது, மெல்லிய ஒரே பலகையை நீராவியாலும் வெப்பத்தாலும் அச்சில் அழுத்தி வளைத்தது. மூன்றாவது, மெல்லிய தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அழுத்திய பிளைவுட். வெளியே நின்று பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும்.

வேறுபாட்டைக் காட்டிக்கொடுப்பது எஃப் துளையின் விளிம்பு. டார்ச்சை அதன்மேல் சாய்வாகப் பிடியுங்கள். மேலே தெரியும் மரத்தின் கோடுகள் விளிம்பின் கனத்தினூடே அப்படியே இறங்கி வந்தால் அது ஒரே பலகை. விளிம்பில் ரொட்டித் துண்டுகளை அடுக்கியதுபோல இரண்டு மூன்று அடுக்குகள் தெரிந்தால் அது பிளைவுட். சில கருவிகளில் துளையின் ஓரத்தைக் கறுப்புச் சாயத்தாலோ பிளாஸ்டிக் பட்டையாலோ மூடியிருப்பார்கள். அப்போது கண்ணாடியைத் துளை வழியாக உள்ளே செலுத்தி, மேற்பலகையின் அடிப்புறத்தைப் பாருங்கள். வெளியே ஒரு கறை, ஒரு முடிச்சு, ஒரு அகன்ற கோடு இருக்குமிடத்தில் உள்ளேயும் அதுவே இருக்கிறதா? இருந்தால் ஒரே பலகை. பிறகு துளையின் விளிம்பில் பலகையின் கனத்தை விரலால் உணர்ந்துபாருங்கள். எங்கும் ஒரே சீரான, மெல்லிய கனமாக இருந்தால் அழுத்தி வளைத்ததாக இருக்கக்கூடும். இடத்துக்கு இடம் கனம் மாறினால் செதுக்கியது. உட்புறத்தில் உளியோ இழைப்பானோ விட்ட மெல்லிய தடங்கள் தெரிந்தால் அது மிக நல்ல அடையாளம்.

அடிப்பலகையையும் திருப்பிப் பாருங்கள். உயர்ந்த கருவிகளில் அது மேப்பிள் மரம். புலியின் வரிகளைப்போன்ற கோடுகள் இருக்கும். வெளிச்சத்தில் கருவியை மெல்லச் சாய்த்தால் மெய்யான வரிகள் பட்டுத்துணிபோல நகர்ந்து, ஒளிர்ந்த இடம் இருண்டு, இருண்ட இடம் ஒளிரும். சிகாகோவின் ஹார்மனி, கே முதலிய தொழிற்சாலைகள் மலிவான கருவிகளில் சாதாரணப் பலகையின்மேல் இவ்வரிகளைச் சாயத்தால் தீட்டியதுண்டு. தீட்டிய வரி எப்படிச் சாய்த்தாலும் அசையாது. இந்த ஒரு சோதனைக்கு எந்த உபகரணமும் தேவையில்லை. விற்பவர் மனம் நோகாமலும் செய்துவிடலாம்.

பிளைவுட் என்றதும் கருவியை இகழ்ந்துவிடவும் வேண்டாம். 1949-இல் கிப்சன் வெளியிட்ட இஎஸ்-175 என்ற மாதிரி வேண்டுமென்றே ஒட்டுப்பலகையால் செய்யப்பட்டது. அதன் எண்ணே அன்றைய விலையான 175 டாலரைக் குறித்தது. ஆம்ப்ளிஃபயரோடு வாசிக்கும்போது செதுக்கிய பலகை எளிதில் அதிர்ந்து ஊளையிடும். ஒட்டுப்பலகை அவ்வளவு ஊளையிடாது. பிக்கப்புக்காகவே பிறந்த அக்கருவியின் பழைய பிரதிகள் இன்று பெருவிலை பெறுகின்றன. ஆகவே பலகை எதுவென்று கண்டபின், அக்கருவி எதற்காகச் செய்யப்பட்டது என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். பிக்கப் இல்லாமல் ஒலிக்கவேண்டிய கருவி பிளைவுட்டால் ஆனது என்றால்தான் மதிப்புக் குறைவு.

இப்போது பெயரைப் பார்க்கலாம். கொல்கத்தாவில் பல பத்தாண்டுகளாக எஃப் துளைக் கிட்டார்கள் செய்யப்பட்டு, நாடெங்கும் விற்கப்பட்டு வருகின்றன. அவற்றுள் "கிவ்சன்" என்ற பெயர் நம் வாலிபர்களுக்கு நன்கு அறிமுகமானது. கிப்சன், கிவ்சன்: ஆங்கிலத்திலும் ஓரெழுத்து வித்தியாசமே. பாலிஷ் மங்கிய தலைப்பகுதியில், மாலை வெளிச்சத்தில், ஆவலோடு இருக்கும் கண்ணுக்கு ஒன்று மற்றொன்றாகத் தெரியலாம். கொல்கத்தாக் கிட்டாரில் இழிவு ஒன்றுமில்லை. நம்மில் அநேகர் முதல் கார்டு பிடித்துப் பழகியது அதில்தான். ஆனால் அதற்குரிய விலை வேறு. எழுத்தை ஒவ்வொன்றாக வாசியுங்கள்.

"எபிஃபோன்" என்ற பெயர் இன்னும் சிக்கலானது. 1930-களில் நியூயார்க்கில் இயங்கிய எபிஃபோன் நிறுவனம் கிப்சனுக்குச் சமமான போட்டியாளர். கிப்சன் 1934-இல் 18 அங்குல அகலமுள்ள சூப்பர் 400-ஐ வெளியிட, அடுத்த ஆண்டே எம்பரர் என்ற மாதிரியை எபிஃபோன் கொண்டுவந்தது. நிறுவனத்தை நடத்திய எபி ஸ்டாத்தோபூலோ 1943-இல் மறைந்தார். 1957-இல் கிப்சனின் தாய் நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது. 1970 முதல் உற்பத்தி ஜப்பானுக்குப் போயிற்று. பின்னர் கொரியா, சீனா. ஆக, ஒரே பெயரைத் தாங்கிய இரு கிட்டார்களில் ஒன்று நியூயார்க்கில் கையால் செதுக்கிய அரிய கருவியாகவும், மற்றொன்று கடையில் புதிதாகத் தொங்கும் கருவியாகவும் இருக்கக்கூடும். பெயரைக் கடைசியாகப் பார்க்கச் சொன்னது இதனால்தான்.

நியூயார்க் கென்மேர் தெருவில் 1932 முதல் 1964-இல் மறையும்வரை கிட்டார் செய்த ஜான் டி ஆஞ்செலிக்கோவின் பெயரும் அப்படியே. அவர் தம் பட்டறையில் செய்தவை 1,100-க்குச் சற்று மேல் மாத்திரமே. ஒவ்வொன்றையும் கணக்குப் புத்தகத்தில் எழுதிவைத்தார். ஆனால் அதே பெயரோடு ஆசியத் தொழிற்சாலைகளில் செய்த கிட்டார்கள் பிற்காலத்தில் ஏராளமாக வந்துவிட்டன. தெருவோரக் கடையில் அப்பெயரைக் கண்டு இருதயம் துள்ளினால் கொஞ்சம் பொறுங்கள்.

மறுபுறம், பெயர் சிறியதாகவும் கருவி நல்லதாகவும் இருப்பதுண்டு. 1930-களில் பொருளாதார நெருக்கடியின்போது கிப்சன் தன் தொழிற்சாலையிலேயே "கலமசூ" என்ற பெயரில் மலிவு விலைக் கருவிகளைச் செய்து விற்றது. கழுத்தினுள் திருகக்கூடிய ட்ரஸ் ராடு என்ற இரும்புக் கம்பி அவற்றில் இராது. மற்றபடி அதே ஊர், அதே கைகள். அலங்காரம் இல்லாததால் பலர் இவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால், கையில் அளவான பணமும் நல்ல காதும் உள்ள ஒருவர் தேடவேண்டியது இத்தகைய கருவிகளையே.

மெய்யாகவே கிப்சன் என்றால் வயதை எப்படி அறிவது? ஏறக்குறைய 1947 வரை பெயர் கையெழுத்துப்போலச் சாய்ந்த எழுத்தில் இருந்தது. அதன்பின் தடித்த அச்செழுத்து. 1947 முதல் 1961 வரை ஆர்ச்டாப்புகளின் உள்ளே ஒட்டிய லேபிளில் சீரியல் எண் "ஏ" என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கும். 1960-களின் எண்கள் ஒரே எண் பல கருவிகளுக்கு விழுமளவுக்குக் குழப்பமானவை. அவற்றை மட்டும் நம்பி வயது சொல்ல முடியாது. 1970 தொடங்கி தலைப்பகுதியின் பின்புறத்தில் "மேட் இன் யூ.எஸ்.ஏ." என்ற முத்திரை வருகிறது. 1977 முதல் எட்டு இலக்க எண். அதில் முதல் இலக்கமும் ஐந்தாம் இலக்கமும் சேர்ந்து ஆண்டைச் சொல்லும். ஆகையால் "1955-இல் அப்பா வாங்கியது" என்று சொல்லப்படும் கிட்டாரின் பின்புறத்தில் அம்முத்திரை இருந்தால், அங்கேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பலாம். விற்பவர் பொய் சொல்கிறார் என்பதில்லை. குடும்ப நினைவுகள் வருடங்களைக் கலந்துவிடும்.

அளவையும் எடுங்கள். கீழ்ப்பகுதியின் அகலம் எல்-5 மாதிரிக்கு 1934-35 வாக்கு வரை 16 அங்குலம், அதன்பின் 17. சிறு ஆணிகளையும் பாருங்கள். கூட்டல் குறி வடிவத் தலையுள்ள ஆணிகள் 1930-களின் நடுவில்தான் வழக்கத்திற்கு வந்தன. 1920-களின் கருவி என்று சொல்லி எல்லா ஆணியும் அப்படி இருந்தால், எதையோ மாற்றியிருக்கிறார்கள். பிக்கப் உள்ள கருவியாக இருந்தால், ஒலி கூட்டும் பாகத்தின் உலோக மூடியில் 134 அல்லது 137 என்று தொடங்கும் எண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அவ்விரண்டும் செய்த கம்பெனியைக் குறிப்பவை. அடுத்த இலக்கங்கள் ஆண்டையும் வாரத்தையும் குறிக்கும். 1376533 என்றால் 1965-ஆம் ஆண்டின் 33-ஆம் வாரம். கருவி அந்தப் பாகத்தைவிட முந்தியதாக இருந்தால் பாகம் பிற்பாடு மாற்றப்பட்டது என்று பொருள்.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும், உடல்நிலை மோசமான கருவி உங்கள் பணத்தைப் பட்டறையிலேயே விழுங்கிவிடும். பலர் இதைப் பார்ப்பதே இல்லை. மினுமினுப்பைப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்கள்.

முதலாவது, கழுத்தின் சாய்வு. இரும்பு அடிக்கோலை ஃபிரெட்டுகளின்மேல் நீளவாக்கில் வைத்தால், அதன் முனை பிரிட்ஜின் உச்சியைத் தொடுமளவுக்கு வரவேண்டும். ஆர்ச்டாப்பின் பிரிட்ஜ் ஒட்டப்படாமல், இரண்டு திருகுகளின்மேல் ஏறி இறங்கும்படி நிற்கும். நல்ல கருவியில் அதன் உயரம் ஏறக்குறைய ஓர் அங்குலம். பிரிட்ஜை அடிமட்டம் வரை இறக்கியும் தந்திகள் விரல்பலகைக்கு மேலே உயர்ந்தே நின்றால், பல ஆண்டுத் தந்தியின் இழுவையில் கழுத்து முன்னே வந்துவிட்டது. அதைக் கழற்றிப் பொருத்துவது தேர்ந்தவர் செய்யவேண்டிய வேலை. நம் ஊர்களில் அப்படிப்பட்டவர் மிகச் சிலரே. இதற்கு மாறாக, பிரிட்ஜின் திருகுகளை உச்சி வரை ஏற்றி வைத்திருந்தால் மேற்பலகை கீழே அமிழ்ந்திருக்கக்கூடும். பக்கவாட்டிலிருந்து கண்ணை மட்டமாக வைத்துப் பார்த்து, இருபுறக் குவிவும் சமமா என்று ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் குழிந்திருந்தால், உள்ளே நீளவாக்கில் ஒட்டிய தாங்குகட்டை விட்டுப்போயிருக்கலாம். விரல்முட்டியால் மெல்லத் தட்டினால் கடகடவென்ற ஓசை அதைக் காட்டிக்கொடுக்கும். ட்ரஸ் ராடின் திருகை மட்டும் நீங்களாகத் திருப்பிப் பார்க்கவேண்டாம்.

வெடிப்புகள் பெரும்பாலும் எஃப் துளையின் நுனியிலிருந்து மரக்கோட்டின் வழியே ஓடும். வெடிப்பு இருப்பதே குற்றமல்ல. உள்ளே சிறிய மரத்துண்டுகளை வரிசையாக ஒட்டி ஒழுங்காகச் செப்பனிட்டிருந்தால் அது இன்னும் நெடுங்காலம் வாழும். எபாக்சிப் பசையை வழித்துப் பூசியிருந்தால்தான் துக்கம். அதை மறுபடி பிரிப்பது மிகக் கடினம். பழைய தச்சர்கள் உபயோகித்த வச்சிரம் சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும். ஓரங்களில் பலகை சற்றே விலகி நிற்பது இதனால்தான். அது எளிய பழுது. விலை பேச உங்களுக்கு ஒரு நியாயமான காரணமும்கூட.

ஓரப் பட்டையையும் தந்திகளுக்கருகே உள்ள பிக்கார்டையும் முகர்ந்துபாருங்கள், சிரிக்காதீர்கள்! பழைய கருவிகளில் இவை செல்லுலாய்டால் ஆனவை. அது முதிர்ந்து அழுகத் தொடங்கினால் புளித்த நெடி வரும். வியர்த்ததுபோல ஈரம் கசியும். அதன் ஆவி அருகிலுள்ள உலோகத்தைத் துருப்பிடிக்கச் செய்யும். முடிவில் பட்டை துண்டு துண்டாக உதிரும். எளிதில் தீப்பற்றும் பொருள் ஆகையால் சமையலறைக்குப் பக்கத்தில் வைக்கவும் கூடாது. நம் நாட்டில் இன்னொரு சத்துருவும் உண்டு. ஊசித்துளைபோன்ற ஓட்டைகளும் அவற்றின் கீழே புதிய மாவும் தெரிந்தால் வண்டு உள்ளே உயிரோடிருக்கிறது. அந்தக் கருவியை இலவசமாகத் தந்தாலும் வீட்டிற்குள் கொண்டுவராதீர்கள்.

பாலிஷைப்பற்றி ஒரு வார்த்தை. 1920-களின் நடுவிலிருந்து பெரும்பாலான அமெரிக்கக் கருவிகளுக்கு நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் அடித்தார்கள். அது வயதானால் வறண்ட குளத்தின் தரையைப்போல மெல்லிய விரிசல்கள் விடும். இது அசல் என்பதற்கு அடையாளம், வெட்கப்படத்தக்க காரியமல்ல. கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதாக்கதிர் விளக்கை இருட்டறையில் காட்டினால் பழைய லாக்கர் பசுமஞ்சளாக ஒளிரும். பிற்காலத்தில் பூசிய இடங்கள் இருண்டு தெரியும். பரணில் கிடந்த கருவியைப் "புதிதுபோல்" ஆக்கவேண்டுமென்று தச்சரிடம் கொடுத்துச் சுரண்டிப் பாலிஷ் போடுகிற வழக்கம் நம்மவரிடம் மிகுதி. அப்படிச் செய்தால் அசல் கருவியின் விலை ஏறக்குறைய பாதியாகிவிடும். செதுக்கிய மேற்பலகையில் பிக்கப்புக்காகப் பிற்பாடு துளை வெட்டியிருந்தாலும் அப்படியே. பிக்கார்டிலேயே தொங்கும் பிக்கப்பாக இருந்தால் பலகைக்குச் சேதமில்லை.

கடைசியாக ஒலி. பழைய, துருப்பிடித்த தந்தியில் எதையும் தீர்மானிக்க முடியாது. புதிய தந்தி ஒரு செட்டை நீங்களே வாங்கிப்போய், உரிமையாளரிடம் அனுமதி கேட்டு மாற்றுங்கள். ஒவ்வொரு தந்தியாகக் கழற்றி மாட்டவேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால் ஒட்டப்படாத பிரிட்ஜ் இடம் பெயர்ந்து சுருதி கெட்டுவிடும். பிறகு மகனை வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் பத்தடி தள்ளி எதிரே நில்லுங்கள். வாசிப்பவருக்குச் சாதாரணமாகத் தோன்றும் ஒலி எதிரே நிற்பவருக்குக் கணீரென்று கேட்டால் அது நல்ல ஆர்ச்டாப். பிளெக்ட்ரம் கொண்டு ஓங்கி அடிக்கும்போது கார்டிலுள்ள ஒவ்வொரு தந்தியும் பிரிந்து கேட்கிறதா, அல்லது ஒரே இரைச்சலாகக் குழம்புகிறதா என்று கவனியுங்கள். ஓங்கி அடிக்க அடிக்க ஒலியும் வளரவேண்டும். ஓரளவுக்கு மேல் ஒலி வளராமல் அடைபட்டு நின்றால் பலகை தடித்தது அல்லது அழுத்தி வளைத்தது.

பெங்களூர் சகோதரருக்கு இங்கே ஒரு நேரடியான வார்த்தை. டிரம்ஸும் கீபோர்டும் பெரிய ஸ்பீக்கர்களும் சூழ மகன் வாசிக்கப்போகிறான் என்றால், செதுக்கிய பலகையுள்ள பழைய ஆர்ச்டாப் அதற்கு ஏற்ற கருவியே அல்ல. அது ஊளையிட்டு எல்லாரையும் சோதிக்கும். அந்தத் தொகையில் ஒரு பங்கைக்கொண்டே கடையில் நல்ல புதிய கிட்டார் ஒன்று கிடைக்கும். வீட்டிலும் சிறு கூட்டங்களிலும் வாசிப்பதற்கும், கருவியின்மேல் உள்ள பிரியத்தினாலும் என்றால் அது வேறு. மேலே சொன்ன சோதனைகளைச் செய்து, எஃப் துளையின் விளிம்பு, லேபிள், தலைப்பகுதியின் முன்னும் பின்னும், பக்கவாட்டில் பிரிட்ஜின் உயரம் ஆகியவற்றைப் படமெடுத்து, இவ்வகைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் ஒருவருக்குக் காட்டியபின் விலை பேசுங்கள். ஹார்மனியும் கேயும் செய்த சாதாரண மாதிரிகள் அமெரிக்காவிலேயே சில நூறு டாலருக்குக் கிடைக்கின்றன; லோர் கையொப்பமிட்டு 1922 முதல் 1924 வரை தேதியிட்ட சீட்டுள்ள எல்-5 பல லட்சம் ரூபாய் பெறும். இவ்விரண்டுக்கும் நடுவே எங்கே நிற்கிறது என்பதைப் பலகை சொல்லும். ஒருவேளை அது மெய்யாகவே விலையுயர்ந்த கருவி என்று நீங்கள் கண்டுகொண்டு, அந்த முதியவர்கள் அதை அறியாதிருந்தால், அதையும் அவர்களிடம் சொல்லிவிட்டே விலை பேசுங்கள்.

வாங்கிவிட்டால், காற்றின் ஈரப்பதம் 45-க்கும் 55-க்கும் இடையிலான சதவீதத்தில் இருக்கும் அறை இதற்கு நல்லது. சென்னை, மும்பைக் கடற்காற்றில் பலகை ஊதித் தந்தி உயரும். டில்லியின் கோடையிலும் நாள் முழுதும் ஓடும் ஏ.சி. அறையிலும் காய்ந்து வெடிக்கும். பெட்டிக்குள் வைத்து, ஈரப்பதம் காட்டும் சிறு மீட்டர் ஒன்றைப் போட்டுவையுங்கள். கான்கிரீட் கூரைக்குக் கீழுள்ள பரண் மட்டும் வேண்டாம். வெளிநாட்டிலுள்ள உறவினர் மூலம் பழைய கருவியைத் தருவிக்க எண்ணுவோர், அதில் பிரேசில் ரோஸ்வுட் மரம் இருக்கிறதா என்று முன்னரே விசாரிக்கவேண்டும். அம்மரம் 1992 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. உரிய அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டினால் சுங்கத்தில் கருவியையே பறிகொடுக்க நேரிடும்.

அடுத்த இதழில், ஹார்மோனியத்தின் துருத்தியில் காற்று ஒழுகுவதைப்பற்றிக் கேட்டிருக்கும் வாசகர்களுக்குப் பதில் எழுதுகிறேன்.